பந்தியில் டாக்டர் கேட்ட கேள்வி

ஒரு கல்யாண வீடு. பந்தி நடந்துகொண்டிருந்தது. இலையில் சாம்பார் ஊற்றுகிற நேரம்.

எனக்குத் தங்கை முறை ஆகவேண்டிய ஒரு பெண் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தாயார். இரண்டு இலை தள்ளி இன்னொரு அம்மாள். அந்த அம்மாளின் மகனுக்குத்தான் இவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பார்த்தாகிவிட்டது. பொருத்தம் சரியாக இருந்தது. பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி.

முந்தின பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு ஒரு டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். நல்ல மனிதர். ஏழைகளிடம் பணம் வாங்கமாட்டார். பெண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, சவுக்கியமா? ராத்திரியில் தூக்கம் ஒழுங்காக வருகிறதா? மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே!" என்றார்.

அவ்வளவுதான். வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த டாக்டர் யார் என்பது ஊருக்கே தெரியும். பஸ் நிலையத்துக்கு எதிரில் அவருடைய போர்டு தொங்குகிறது. 'மனநல மருத்துவர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஆள் வந்தது. "ஜாதகம் பொருந்தவில்லை" என்றார்கள். போன மாதம் பொருந்திய ஜாதகம் இந்த மாதம் எப்படிப் பொருந்தாமல் போகும்? நட்சத்திரங்கள் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டனவா?

அந்தப் பெண்ணுக்கு என்ன நோய்? பரீட்சையில் தோற்ற வருத்தத்தில் மூன்று மாதம் தூக்கம் இல்லாமல் கிடந்தாள். யாரோடும் பேசவில்லை. சாப்பிடவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். குணமானாள். மறுபடி எழுதித் தேறினாள். வேலைக்கும் போனாள். காமாலை வந்து போவதுபோல வந்து போன நோய்.

"அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தலாமா? தப்பு அந்த மாப்பிள்ளை வீட்டார் மீதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய தப்பு அவர்கள் மீதுதான். ஆனால் ஊர் மனம் மாற எத்தனை காலம் ஆகுமோ, தெரியாது. ஒரு டாக்டரின் வாயைப் பழக்க அவ்வளவு காலம் தேவை இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நல்ல மனம் போதாதா?

அந்த டாக்டர் கெட்டவரா? இல்லை. அக்கறையினால்தான் விசாரித்தார். அக்கறை அவரிடம் நிறைய இருந்தது. பயிற்சிதான் இல்லை.

மனநல டாக்டரும், மனநல ஆலோசகரும் தம்மிடம் வந்தவரைப் பொது இடத்தில் பார்த்தால் என்ன செய்யவேண்டும்? முதலில் பேசக்கூடாது. தெரிந்த முகம் என்றுகூடக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவராக வந்து வணக்கம் சொன்னால், பதில் வணக்கம் சொல்லலாம். நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் அங்கே பேசக்கூடாது. இது தொழில் தர்மத்தின் அரிச்சுவடி.

இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நல்ல மனம் மட்டும் சொல்லிக்கொடுக்குமா? நல்ல மனம் என்ன சொல்லும்? "பாவம், அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போ" என்றுதான் சொல்லும்!

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் கத்தியைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். அவர் அழுக்கான மனிதர் என்பதாலா? கையில் இருக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது என்பதால். மாணவராக இருந்தபோது நூறு தடவை கழுவப் பழகியிருக்கிறார். பழகிய கை தானாகவே குழாயைத் தேடிப் போகிறது. நாக்கையும் அப்படிப் பழக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

"தர்மம் என்பது பிறவியிலேயே வரவேண்டும். வகுப்பு நடத்தினால் வருமா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். திருட்டுப் புத்தி உள்ளவனை வகுப்பு திருத்தாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனநல வைத்தியத்தில் நடக்கும் தவறுகளைத் திருடர்கள் மட்டும் செய்வதில்லை. எது தவறு என்று அந்த நேரத்தில் தோன்றாமல் நல்லவர்களும் செய்துவிடுகிறார்கள்.

பொய்க்கால் பிரியம்

உடம்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நாம் புண்ணைக் காட்டுகிறோம். மனத்துக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் வீட்டையே திறந்து காட்டுகிறோம். கணவன் அடித்ததைச் சொல்கிறோம். கடனைச் சொல்கிறோம். பெற்ற தாயிடம் சொல்லாததை எல்லாம் சொல்கிறோம்.

இப்படி எல்லாவற்றையும் ஒருவர் பொறுமையாகக் கேட்டால் என்ன ஆகும்? அவர்மீது பிரியம் வரும். "என்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் இவர்தான்" என்று தோன்றும். சில சமயம் அது காதலாகவும் தோன்றும். அந்தப் பிரியம் நோயாளியின் துன்பத்தில் முளைத்தது. பொய்க்கால் குதிரை போன்றது. பார்க்க ஓடும், ஏறிப் போகமுடியாது. இந்த விஷயம் வைத்தியருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர், தம் அழகுக்கும் அறிவுக்கும் கிடைத்த பரிசு என்று நினைத்துவிடுவார். அங்கேதான் வழுக்கும்.

அதனால்தான் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் சங்கம் இதற்கு ஒரு கடுமையான விதி வைத்திருக்கிறது. சிகிச்சை நடக்கும்போது நோயாளியோடு உடல் உறவு கூடவே கூடாது. சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குக் கூடாது. அதற்குப் பிறகும், மிக அபூர்வமான நிலையைத் தவிர, கூடாது.

அந்தச் சங்கம் தன் முதல் தர்ம விதிகளை 1953-ம் ஆண்டில் வெளியிட்டது. அதைத் தயாரித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாலு பெரியவர்கள் அறைக்குள் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. சங்கத்தின் உறுப்பினர்களுக்குக் கடிதம் போட்டார்கள். "உங்கள் தொழிலில் 'எது சரி, எது தப்பு' என்று நீங்கள் திண்டாடிய ஒரு சம்பவத்தை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டார்கள். வந்து குவிந்த உண்மைச் சம்பவங்களில் இருந்து விதிகளை உண்டாக்கினார்கள். அனுபவம் முன்னே, விதி பின்னே!

ரகசியத்துக்கும் எல்லை உண்டு

"சரி, எதையும் வெளியே சொல்லக்கூடாது. அவ்வளவுதானே? இதற்கு ஒரு பயிற்சியா?" என்று நினைக்கவேண்டாம். வாயை மூடிக்கொண்டிருப்பதும் சில சமயம் கொலையில் முடியும். அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

புரோசென்ஜித் போத்தார் என்பவர் நம் நாட்டு வாலிபர். வங்காளத்துக்காரர். கப்பல் கட்டும் கலை படிக்கக் கலிபோர்னியாவுக்குப் போனார். பெர்க்லி நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு நடன வகுப்பில் தாத்தியானா தாரசாப் என்ற பெண்ணைச் சந்தித்தார். சிநேகம் ஆனார்கள். 1968-ம் ஆண்டின் கடைசி நாள் இரவில், புது வருடம் பிறக்கும்போது, அவள் அவருக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த ஊரில் அது சாதாரணம். இவரோ, "இனி இவள் எனக்குத்தான்" என்று நினைத்துவிட்டார். "எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை" என்று அவள் சொல்லிவிட்டாள். வாலிபர் உடைந்துபோனார்.

பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் சிகிச்சைக்குப் போனார். 1969-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், "அவளைக் கொல்லப்போகிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டார். தாத்தியானா அப்போது பிரேசில் நாட்டில் விடுமுறையில் இருந்தாள்.

நிபுணர் பதறினார். பல்கலைக்கழகப் போலீசாருக்குக் கடிதம் எழுதினார். போலீசார் போத்தாரைப் பிடித்து விசாரித்தார்கள். தெளிவாகப் பேசினார். "அவள் பக்கமே போகமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். விட்டுவிட்டார்கள். நிபுணருக்கு மேலே இருந்த டாக்டர், "அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்குங்கள். இதற்கு மேல் ஒன்றும் செய்யவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

இத்தனை பேருக்குத் தெரிந்தது. யாருக்குத் தெரியவேண்டுமோ அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் பெற்றோருக்கும் சொல்லவில்லை.

விடுமுறை முடிந்து அவள் திரும்பி வந்தாள். 1969-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி போத்தார் அவள் வீட்டுக்குப் போய் அவளைக் கொன்றார்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு 1976-ம் ஆண்டில் இறுதித் தீர்ப்புச் சொன்னது. நோயாளியால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியருக்குத் தெரிந்தால், அந்த இன்னொருவரைக் காப்பாற்ற வேண்டிய கடமை அவருக்கு உண்டு. நோயாளியின் ரகசியம் என்று சொல்லிச் சும்மா இருக்கமுடியாது என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் மனோதத்துவம் படிக்கும் மாணவர்கள் பலர் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிபுணர் சோம்பேறி அல்ல. மனச்சாட்சி உள்ளவர். போலீசுக்கே எழுதினார். மேலதிகாரி தடுத்தபோது என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் புத்தகம் புரட்டமுடியாது. முன்பே பழகியிருக்கவேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2018-ம் ஆண்டு மே 29-ந் தேதி அமுலுக்கு வந்தது. நல்ல சட்டம். வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்.

நோயாளியின் விஷயத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்று அதன் 23-வது பிரிவு சொல்கிறது. யாருக்காவது ஆபத்து என்றால் சொல்லலாம். கோர்ட்டு உத்தரவு போட்டால் சொல்லலாம். இன்னும் சில விலக்குகள் உண்டு. ஆபத்தைத் தடுப்பதற்காகச் சொல்லும்போது, அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்லவேண்டும். மீதிக் கதை எல்லாம் பூட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

18 வயது நிரம்பியவர், "எனக்காகப் பேச வேண்டியவர் இவர்" என்று தமக்கு நம்பிக்கையான ஒருவரை எழுதிக் கொடுக்கலாம். இதற்கு முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைக் காகிதம் போதும். கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம்.

சங்கிலி போட்டுக் கட்டுவதை 95-வது பிரிவு அடியோடு தடை செய்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓடமுடியாமல் வெந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். கட்டிப்போட்டவர்கள், "அவர்கள் நன்மைக்குத்தான் கட்டினோம்" என்று நினைத்திருப்பார்கள். பயிற்சி இல்லாத கைக்கு எல்லாமே நன்மையாகத்தான் தோன்றும்.

பத்திரிகைக்காரனாகிய எனக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு குட்டு இருக்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் பத்திரிகைக்குக் கொடுக்கக்கூடாது என்று 24-வது பிரிவு சொல்கிறது. கொடுக்கக்கூடாது என்றால், நாங்களும் போய்க் கேட்கக்கூடாது என்றுதானே அர்த்தம்?

சட்டம் சரி. ஆனால் சட்டப் புத்தகம் கல்யாணப் பந்திக்கு வந்து டாக்டரின் வாயைப் பொத்துமா?

நாடகம் ஆடிப் படிக்கவேண்டும்

மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு 2019-ம் ஆண்டில் இருந்து நடத்தை, தொழில் தர்மம், நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். உண்மை போன்ற சம்பவங்களைக் கொடுத்து மாணவர்களை விவாதிக்கச் செய்கிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம். மருத்துவ மனோதத்துவ நிபுணராவதற்கு உரிய தகுதிகளில் ஒன்றாக, மேற்பட்டம் பெற்ற பிறகு பெரியவர்கள் மேற்பார்வையில் பெறும் பயிற்சி அடங்கிய 2 ஆண்டு முழுநேரப் படிப்பை 2017-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதுவும் நல்லது.

எனக்கு என்ன வருத்தம் என்றால், தொழில் தர்மம் என்றதும் ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்து, கைதட்டி, டீ குடித்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டு வாரம் படித்துவிட்டு 'ஆலோசகர்' என்று அட்டை அச்சடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டவன் கிணற்றில் குதிக்கலாமா?

நாடகம் ஆடிப் பழகவேண்டும். ஒரு மாணவர் வைத்தியராக உட்காரட்டும். பேராசிரியரே நோயாளியின் தகப்பனாராக வேஷம் போடட்டும். வந்து மேஜையைத் தட்டட்டும்.

"என் மகள் உங்களிடம் என்ன சொன்னாள்? பணம் கட்டுகிறவன் நான். எனக்குத் தெரியவேண்டும்!"

மகளுக்கு வயது 22. மாணவர் திணறுவார். உளறுவார். திணறட்டும்! உண்மையான தகப்பனாரிடம் உளறுவதைவிட இங்கே உளறுவது நல்லது. பத்துத் தடவை உளறிய பிறகு, "ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அவள் சொன்னதை நான் சொல்லமுடியாது. அவளே உங்களிடம் பேசுவதற்கு உதவி செய்கிறேன்" என்று சொல்ல வாய் வரும். குரலில் கோபம் இல்லாமல் சொல்ல இன்னும் பத்துத் தடவை ஆகும்.

அடுத்த நாள் வேறு நாடகம். பள்ளிக்கூடப் பெண். வயது 17. ஒரு பையனை விரும்புகிறாள். பரீட்சையிலும் தோற்றுவிட்டாள். "சாகப்போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிறாள். இப்போது என்ன செய்வது? உயிர் போகும் என்றால் ரகசியம் நிற்காது. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லக்கூடாது. "இதை நான் மறைக்கமுடியாது, அம்மா. நீ சொல்கிறாயா? நாம் இருவரும் சேர்ந்து சொல்லலாமா?" என்று அவளிடமே முதலில் கேட்கவேண்டும். சாகும் எண்ணத்தைச் சொன்னால் போதும். பையன் கதையைத் தாயாரிடம் ஒப்பிக்கவேண்டியது இல்லை. இரண்டையும் பிரிக்கத் தெரிவதுதான் படிப்பு.

(இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் இருந்தால், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம். 2022-ம் ஆண்டில் இருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம்.)

வாழைத்தாரும் தங்கச் சங்கிலியும்

அமெரிக்க விதிகளை அப்படியே இங்கே இறக்கினால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே நோயாளி தனியாக வருகிறார். இங்கே தாய், தகப்பன், அண்ணன், பக்கத்து வீட்டு மாமா என்று நாலு பேர் கூட வருகிறார்கள். மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். "எல்லோரும் வெளியே போங்கள்" என்று சொன்னால் அடுத்த மாதம் நோயாளியையே அழைத்து வரமாட்டார்கள். முதலில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு, பிறகு நோயாளியோடு தனியாகப் பேசும் பக்குவம் வேண்டும்.

கிராமத்தில் இருந்து வரும் அம்மாள் மகன் குணமான சந்தோஷத்தில் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "பரிசு வாங்குவது விதிக்கு விரோதம்" என்று திருப்பி அனுப்பினால் அவள் மனம் புண்படும். வாங்கி, ஆஸ்பத்திரியில் உள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அதே அம்மாள் தங்கச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தால்? தொடவே கூடாது. வாழைத்தாருக்கும் தங்கச் சங்கிலிக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? பட்டுவேட்டி எந்தப் பக்கம்? இதை எல்லாம் நம் ஊர்ச் சம்பவங்களை வைத்துத்தான் விவாதிக்கவேண்டும். 1953-ல் அவர்கள் தங்கள் சம்பவங்களைத் திரட்டியதுபோல நாமும் நம்முடையதைத் திரட்டவேண்டும்.

டாக்டருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலும் போதாது. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் பெயரையும் நோயையும் சேர்த்து உரக்கக் கூப்பிடுகிற குமாஸ்தா இருக்கிறார். மருந்துச் சீட்டைச் செல்போனில் படம் பிடித்து, "இந்த மருந்து எங்கே கிடைக்கும்?" என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் ஊழியர் இருக்கிறார். சீட்டின் தலைப்பில் நோயாளியின் பெயர் பளிச்சென்று தெரியும்! வாசலில் நிற்கும் காவலாளி முதல் எல்லோரும் அந்த வகுப்பில் உட்காரவேண்டும். ஒரு முறை உட்கார்ந்தால் போதாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்ப வரவேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள்: "நாங்கள் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள்? எதை வெளியே சொல்வீர்கள்?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். சிகிச்சையில் குறை இருந்தால், நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், சட்டப்படி அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்ய நோயாளிக்கு உரிமை உண்டு.

பந்தியில் கேள்வி கேட்ட டாக்டரின் கதையை நான் முடிக்கவில்லை.

கல்யாணம் நின்ற செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியது. ஒருநாள் மாலை தனியாக நடந்தே வீட்டுக்கு வந்தார். காரில் வந்தால் தெருவில் பார்ப்பார்கள் என்று நினைத்தாராம். "அம்மா, தப்பு என்னுடையது" என்று பெண்ணின் தாயாரிடம் சொன்னார். பெண்ணிடமும் சொன்னார். பெரியம்மா அழுதாள். பெண் அழவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது அவர் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். புதிய மாணவர்களுக்கு முதல் வகுப்பில் தம்முடைய இந்தத் தவறைத்தான் சொல்கிறார். சொல்வதற்கு முன்னால் அவளிடம் போய் அனுமதி கேட்டார். "ஊரை மாற்றிச் சொல்லுங்கள், என் வயதை மாற்றிச் சொல்லுங்கள்" என்று அவள் நிபந்தனை போட்டாள்.

இந்தக் கட்டுரையையும் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவளிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். இரண்டு இடத்தை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.